சீசன் ஆகாத கதவு

முன்னறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவளுக்கு எல்லாச் சத்தமும் பழகிவிடும். ஆனால் இருட்டின பிறகு, பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும்போது, அதே அறையிலிருந்து ‘டொக்’ என்று ஒன்று கேட்டால் அதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது?

முதலில் ‘டொக்’. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ‘ர்ர்ர்’ என்று மரம் மரத்தோடு உரசுகிற ஓர் இழுவை, யாரோ விரல் நுனியால் மெல்லத் தள்ளிப் பார்க்கிற மாதிரி. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். யாருக்கு யார் துணை என்று கேட்காதீர்கள். வாசல் கதவு தானாகவே ஒரு சாண் திறந்திருந்தது. வெளியே தூறல். ஆள் இல்லை.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது பிப்ரவரியில். அப்போது கதவு நல்ல பிள்ளையாகச் சாத்திக்கொண்டது. உள்பக்கம் ஒரே ஒரு தாழ்ப்பாள், கதவின் அடியில். அதை இறக்கினால் சிமென்ட் தரையில் இருக்கிற துளைக்குள் போய் உட்காரும். ஜூனில் மழை பிடித்ததும் கதவு உப்பிவிட்டது. நிலைக்குள் முழுசாக நுழையாமல் இரண்டு விரல் இந்தப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. தாழ்ப்பாளை இறக்கினால் துளையில் விழாமல் தரையில் முட்டுகிறது. தோளைக் கொடுத்து அழுத்திச் சாத்தினால் கொஞ்ச நேரம் கவ்விக்கொண்டு நிற்கும். பிறகு, அதற்குத் தோன்றும்போது, ‘டொக்’.

என் கணவர் ஜெனரேட்டர் ரிப்பேர் செய்கிற இன்ஜினியர். ஹூப்ளி, ராய்ச்சூர், மங்களூர் என்று எங்கே கரண்ட் போகிறதோ அங்கே அவர் போவார். வீட்டில் நானும் பல் முளைக்கிற என் பெண் மீனுவும்தான். கான்வென்ட்டில் படித்தவள் நான். எதற்கும் பயப்படக் கூடாது என்று அங்கே இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தார்கள். இருட்டில் எனக்குத் தமிழ்தான் வருகிறது.

வீட்டில் வகுப்பு நடத்துகிற சகோதரிகளே, உங்களுக்கும் இப்படி ஒரு கதவோ, ஜன்னலோ, மாமியாரோ இருக்கலாம். ஆகவே உங்களுக்காக எழுதுகிறேன். குழந்தை தூங்குகிறது, எழுந்தால் பாதியில் நிறுத்துவேன்.

ரயில்காரரின் விதைப்பு

எங்கள் பாடப் புத்தகத்தில் வருஷத்தின் நான்கு பருவங்களைப் பற்றி ஒரு பாடம் உண்டு. ஒரு படத்தில் பனி, ஒரு படத்தில் சிவப்பாக இலை உதிர்க்கிற மரம். பெங்களூர்க்காரர்களிடம் அதைக் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்லிலிருந்தே ஆரம்பித்தேன். எனக்கு அது ஒரு வியாதி. எந்தச் சொல்லைக் கண்டாலும் அது எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது என்று பார்க்காமல் விட மாட்டேன்.

‘சீசன்’ என்கிற சொல்லின் அடியில் லத்தீனில் ‘சத்தியோ’ என்று ஒன்று இருக்கிறது என்றேன். விதைப்பது என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் வாய்க்குப் போனபோது அது விதைக்கிற காலம் ஆனது. பிறகு எந்த வேலைக்கும் ஏற்ற காலம். கடைசியில் வருஷத்தைத் துண்டு போட்டால் வருகிற ஒவ்வொரு துண்டுக்கும் அந்தப் பெயர்.

பின் பெஞ்சில் தங்கராஜ் உட்கார்ந்திருந்தார். கூரியர் ஆபீஸில் வேலை. தினமும் பங்காரப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து போகிறவர். வகுப்பு முடிகிற நேரத்தில் அவருக்குக் கால் மட்டும் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடும், உடம்பு பின்னால் போகும். அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ரயில் பாஸை எடுத்தார். ரயிலில் வந்து போகிற எல்லாரும் அதை ‘சீசன்’ என்றுதான் சொல்வார்கள். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து மாசாமாசம் சீசன் எடுக்கிறேன் மிஸ். இத்தனை விதைச்சும் உட்கார ஒரு சீட்டு முளைக்கலியே!”

நாலா, ரெண்டா?

அதே பாடம். “நம் ஊரில் எத்தனை பருவம்?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒருவர் மாங்காய் சீசன், பலா சீசன் என்றார். இன்னொருவர் ஐயப்ப சீசன் என்றார். முகூர்த்த சீசன், டெங்கு சீசன் என்று ஆளுக்கொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. லத்தீன்காரர்கள் விதைத்ததை இவர்கள் ஊடுபயிரோடு அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பர்வீன் அக்கா மட்டும் பேசவில்லை. பிரேசர் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறவர். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர், ஆனாலும் வகுப்புக்குள் நுழைந்தால் நான் ‘மிஸ்’. வீட்டில் தக்னி உருது பேசுவார், எங்களோடு தமிழ், வாடிக்கையாளர் ஐ.டி. கம்பெனிப் பெண்ணாக இருந்தால் இங்கிலீஷ் வேண்டியிருக்கிறது என்று இங்கே வந்து சேர்ந்தவர். உங்கள் பேச்சில் இதற்கு என்ன சொல் என்று கேட்டேன். “மௌசம்” என்றார். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அரபியில் கப்பல்காரர்கள் காற்றுக்குக் காத்திருந்து கிளம்புகிற காலத்துக்கு அதுதான் பெயர். போர்ச்சுகீசியர்கள் அதை எடுத்துப்போக, அவர்கள் வழியாகத்தான் இங்கிலீஷில் ‘மான்சூன்’ வந்தது. ஆகவே இப்போது வெளியே பெய்கிற மழை பாதி உங்களுடையது என்று விளக்கினேன்.

பர்வீன் அக்கா குடையை மடியில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். அந்தக் கப்பல்காரர்கள்மேல் அவருக்குப் பெரிய மரியாதை வரவில்லை.

“அரே மிஸ், டெய்லருக்கு நாலெல்லாம் கிடையாது, ரெண்டுதான். துணி ஏன் இன்னும் ரெடியாகலன்னு வந்து திட்டுற மௌசம் ஒண்ணு, திட்டக்கூட ஆள் வராத மௌசம் ஒண்ணு.”

கல்லுக்குப் போன தோசை

குமாருக்குக் கப்பலில் சமையல் வேலைக்குப் போக ஆசை. இப்போது ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டர். நான் கப்பல் கம்பெனி அதிகாரியாகவும் அவர் அவராகவும் இன்டர்வியூ ஒத்திகை நடத்துவோம். அன்றைக்கு மீனு என் மடியில் இருந்ததால் அதிகாரிக்குக் கொஞ்சம் கம்பீரம் குறைவு.

‘சீசனிங்’ என்றால் என்ன என்று இங்கிலீஷில் கேட்டேன். உப்பு, மிளகு என்று சரியாகச் சொன்னார். புது இரும்புக் கல்லை எப்படி சீசன் செய்வாய் என்று அடுத்த கேள்வி. “கல்லுக்கு உப்பு போடணுமா மிஸ்?” என்று தமிழுக்கு வந்துவிட்டார். பழம் தன் காலத்தில் பழுத்தால்தான் வாய்க்கு ஏற்றதாகிறது; அதைப் பார்த்துத்தான் எதையும் பக்குவத்துக்குக் கொண்டுவருவதற்கு அந்தச் சொல் போனது, அப்புறம் உணவுக்கும் மரத்துக்கும் இரும்புக்கும் வந்தது என்றேன். உடனே முகம் தெளிந்தது. “ஓ, கல்லைப் பழக்கறதா!” எண்ணெய், வெங்காயம், சிறு தீ என்று ஆரம்பித்து அரைகுறை இங்கிலீஷில் அப்படி ஒரு பதில் சொன்னார், நானே வேலை கொடுத்திருப்பேன்.

ஒரே ஒரு கேள்வி கேட்டுவைத்தேன். அவசரமாக இருந்தால், பழக்காத கல்லிலேயே சமாளிக்க முடியாதா? குமாருக்கு என் மேலிருந்த மரியாதை கொஞ்சம் இறங்கியது.

“சமாளிக்கலாம் மிஸ். ஆனா மொதல் நாள் ஊத்தற தோசை பூரா கல்லுதான் சாப்பிடும், கஸ்டமர் பார்த்துக்கிட்டு நிக்கணும்.”

பெஞ்சில் ஒரு புது ஆள்

கதவு கதைக்கு வருகிறேன். ‘டொக்’ கேட்ட அன்றிலிருந்து ஒரு பெஞ்சைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தூங்கினேன். தூங்கினேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. பெஞ்ச் நகர்ந்தால் தெரியட்டும் என்று அதன்மேல் எவர்சில்வர் பாத்திரங்களை அடுக்கினேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பின்கதவைத் தள்ளித் திறந்து பித்தளைச் சாமான் எடுத்துப்போனார்கள் என்று பால்காரர் சொன்னதுதான் காரணம். பாத்திரம் விழுந்தது, யாரும் தள்ளாமலே, கதவு தானாக நெளிந்ததில் விழுந்தது. மீனு வீறிட்டாள். எதிர் வீட்டு லைட் எரிந்தது. மறுநாளிலிருந்து பாத்திரம் வைப்பதை விட்டேன்.

அதற்கடுத்த காலை, முன்னறைக்குப் போனால் பெஞ்ச் ஓரமாகத் தள்ளி நிற்கிறது. கதவு பாதி திறந்திருக்கிறது. இரண்டாவது பெஞ்சின் மேல் ஒரு தெருநாய் சுருண்டு, மூக்கை வாலுக்குள் விட்டுக்கொண்டு தூங்குகிறது. தப்பான இடத்தில் இருப்பதாக அதற்குத் துளியும் தோன்றவில்லை. அதை விரட்டிவிட்டு உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாய் வந்த வழி நாய்க்கு மட்டும் உள்ள வழி இல்லை. அந்த அறைக்கும் மீனு தூங்குகிற அறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான்.

சாயங்காலம் வகுப்பில் பெஞ்சைத் துடைக்கும்போது காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாரும் அனுதாபமாகப் பார்த்தார்கள். தங்கராஜ் மட்டும் தன் இடத்தை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

“எனக்கு ரயில்லதான் சீட் கிடைக்கிறதில்லன்னா, இங்கயும் போட்டியா மிஸ்?”

அரக்கோணம்

நாய் விஷயத்தை நான் கணவரிடம் போனில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் அதை அவருடைய அம்மாவிடம் சொன்னார். அத்தை சிரிக்கிற ரகம் இல்லை.

அடுத்த போனில் தீர்ப்பு வந்துவிட்டது. கணவருக்கு ராய்ச்சூரில் மூன்று வார வேலை. ஹூப்ளியிலிருந்து நேராகப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கதவு தாழ் போடுகிற மாதிரி ஆகவில்லை என்றால், திங்கட்கிழமை என் கொழுந்தன் வந்து என்னையும் குழந்தையையும் அரக்கோணத்தில் அத்தை வீட்டுக்கு அழைத்துப் போவான். அப்படியானால் வகுப்பு? அதை அப்புறம் பார்க்கலாம். அந்த அப்புறத்தை நான் அறிவேன். பிரசவத்துக்குப் போய்விட்டு வந்தபோது முன்பிருந்த மாணவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. இப்போதிருக்கிற கூட்டத்தை ஒவ்வொருவராகச் சேர்த்திருக்கிறேன். கால் சென்டர்கள் வர ஆரம்பித்ததிலிருந்து தெருவுக்கொரு வகுப்பு. மூன்று வாரம் பூட்டிக் கிடந்தால் யார் காத்திருப்பார்கள்? குமாருக்கு இந்த மாதமே இன்டர்வியூ. அதோடு, அரக்கோணத்துக்குப் போகிற மருமகளை யாரும் மூன்று வாரத்தில் திருப்பி அனுப்பியதாக எங்கள் குடும்பத்தில் பேச்சு இல்லை.

எனக்கு இரண்டு பயமும் ஒரே அளவு. இருந்தால் கதவு, போனால் வகுப்பு. இதை நான் விளக்கிச் சொன்னதும், என் கணவர் தன்னுடைய வழக்கமான பொறுமையோடு சொன்னார்.

“உமா, நான் ஜெனரேட்டரையே ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓட வெச்சிடுவேன். நீ ஒரு கதவைச் சாத்த மாட்டியா?”

பூனைக்கு வழி

ஆரோக்கியம் தச்சர். என் வகுப்பில் சேர்ந்தது துபாய்க்குப் போக. மர வேலை சம்பந்தமான இங்கிலீஷ் சொற்களையெல்லாம் அவருக்காகத் தனியாகத் தயார் செய்திருந்தேன். “சீசன்ட் டிம்பர்” என்று அவர் சொல்லும்போது பி.பி.சி. ரேடியோ தோற்றுவிடும். கதவை இழைத்துக் கொடுக்க வேறு யாரைத் தேடுவேன்? வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு நிறுத்திக் காட்டினேன்.

அவர் கதவை மேலிருந்து கீழே தட்டினார். ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தினார். தலையை ஆட்டினார். “பச்சை மரம் மிஸ். சீசன் ஆகாத மரம். காயறதுக்கு முன்னாடியே கதவாக்கி மாட்டிட்டான் எவனோ.” சரி, அந்த எவனோ போகட்டும், இப்போது கொஞ்சம் இழைத்தால் என்ன? அதை மட்டும் செய்ய மாட்டாராம். மழையில் உப்பின மரத்தில் இழைப்புளி வைப்பது தொழிலுக்கு விரோதம். சங்கராந்தி தாண்டி, குடித்த தண்ணீரையெல்லாம் மரம் கக்கின பிறகுதான் தொடுவார். வேண்டுமானால் நிலையில் புதிதாக ஒரு வளையம் வைத்து மேலே இன்னொரு தாழ்ப்பாள் போடலாம். நாலு ஸ்க்ரூ வேலை. ஆனால் ஓனரைக் கேட்டுக்கொள்ளணும் என்றார்.

சங்கராந்திக்கு இன்னும் மாதக்கணக்கு இருந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைவரைதான் இருந்தது. கெஞ்சிப் பார்த்தேன்.

“இப்ப இழைச்சா இன்னிக்கு நல்லா சாத்தும் மிஸ். மார்ச் மாசம் காஞ்சு சுருங்கினதும் அந்த சந்துல பூனை வரும், பாம்பு வரும், அப்புறம் நீங்க என்னை இங்கிலீஷ்லயே திட்டுவீங்க.”

பூஜை போட்ட நிலை

வீட்டுக்காரர் நஞ்சப்பா பின்கட்டில் இருக்கிறார். கன்னடக்காரர், ஆனால் குடித்தனக்காரர்களோடு தமிழ் பேசிப் பேசிப் பழகினவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் எதையாவது கேட்பதற்குத்தான் எனக்கு இன்னும் அதிக பயம். வாசலில் நின்று, மனதுக்குள் இரண்டு மொழியிலும் வாக்கியத்தை அமைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். “மளெ ஹோதமேலே சரி ஹோகுத்தம்மா” என்றார், மழை போனால் தானாகச் சரியாகிவிடும் என்று. மழை போகிறவரை நான் இங்கே இருக்க வேண்டுமே என்றேன்.

நிலையில் நாலு ஸ்க்ரூ என்று வாயெடுத்ததும் முகம் மாறிவிட்டது. அது பூஜை போட்டு நிறுத்திய வாசக்கால். மஞ்சள் குங்குமம் வைத்து, அடியில் நவதானியம் போட்டு நிறுத்தியது. அதில் தோரணம் கட்ட ஓர் ஆணிகூட அவர் அடித்ததில்லை, குடித்தனக்காரர் அடிக்கவிடுவாரா? கோபமாகச் சொல்லவில்லை. கோயிலைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு அந்த நேரத்திலும் புத்தி போகுமே: கதவின் காலடியில் விதை போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள், லத்தீன்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள் என்று தோன்றியது.

இழைக்கத் தச்சர் ஒப்புக்கொள்ளவில்லை, காயாத மரத்தில் யாரோ கதவு செய்துவிட்டார்களாம் என்று சொல்லி எழுந்தேன். நஞ்சப்பா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“யாரோ என்ன யாரோ? உங்க க்ளாஸ்க்கு வர்றான் அல்லவா ஆரோக்கியம், அவன்தானேம்மா பண்ணான்!”

தச்சர் தரப்பு

மறுநாள் வகுப்பில் ஆரோக்கியம் என் கண்ணைப் பார்க்கவில்லை. பின்கட்டுச் செய்தி முன்கட்டுக்கு வந்துவிட்டது என்று புரிந்திருந்தது. ‘டிம்பர்’ என்கிற சொல் பாடத்தில் வந்தபோது இருமினார். எல்லாரும் எழுந்து போன பிறகு அவர் மட்டும் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டே இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கான்வென்ட்டில் கற்றது. மனுஷர்கள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.

“மரம் அவர் வாங்கிக் குடுத்தது மிஸ். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சது ஐயரு. அவசரப்பட்டது மட்டும்தான் நானு. அதான் இன்னொரு தடவை அவசரப்பட மாட்டேன்றேன்.”

இரண்டாவது வரிசை

சனிக்கிழமை. மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன். அரக்கோணத்துக்கு எடுத்துப்போக ஜாக்கெட்டுகளைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் சேரவில்லை. மீனு பிறந்ததிலிருந்து நான் பழைய அளவுக்கு வரவில்லை. ஊரில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று, மீனுவைத் தூக்கிக்கொண்டு பிரேசர் டவுனில் பர்வீன் அக்கா கடைக்குப் போனேன். கடைக்குள் நுழைந்தால் அவர் மிஸ், நான் மாணவி.

அவர் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பிரிக்க இனி உள்ளே துணி இல்லை. முழுக்கத் திருத்தித் தைக்க நேரமும் இல்லை. ஊசியை எடுத்து, கொக்கிகள் மாட்டுகிற நூல் வளையங்கள் இருக்கிற பட்டியில், பழைய வரிசைக்குப் பக்கத்தில், ஓரத்தை ஒட்டிப் புதிதாக இன்னொரு வரிசை வளையம் போட ஆரம்பித்தார். பழைய வரிசையை எடுத்துவிட வேண்டாமா என்று கேட்டேன். அது இருக்கட்டும் என்றார். பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் இப்படித்தானாம். பாதிப் பேர் திரும்பப் பழைய வரிசைக்கு வருவார்கள், மீதிப் பேர் வருவேன் என்று சொல்வார்கள்.

நான் இளைத்துவிடுவேன், அதுவரை பொறுத்தால் போதும், இதெல்லாம் எதற்கு என்று சங்கடத்தோடு இழுத்தேன். அவர் பல்லால் நூலை அறுத்தார்.

“இளைக்கிற வரைக்கும் ஜாக்கெட் போடாம இருப்பீங்களா மிஸ்? இன்னிக்கு இருக்கிற உடம்புக்கு இன்னிக்கு மாட்டுங்க.”

சாக்பீஸ் அடையாளம்

பாதி வழியில், பஸ்ஸில்தான் அது எனக்குப் படீரென்று பட்டது. இழைக்க வேண்டும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிலையைத் தொடக் கூடாது என்று நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் போய் உட்காருவது இரண்டிலும் இல்லை. தரையில்.

வீட்டுக்கு வந்ததும் வகுப்பு சாக்பீஸைத் தாழ்ப்பாளின் நுனியில் நன்றாகத் தேய்த்தேன். கதவைப் போகிறவரை சாத்தி, தாழ்ப்பாளை இறக்கினேன். திறந்து பார்த்தால் சிவப்புச் சிமென்ட் தரையில், பழைய துளையிலிருந்து இரண்டு விரல் தள்ளி, பொட்டு வைத்த மாதிரி வெள்ளையாக ஓர் அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து ஆரோக்கியம் வந்தார். சிமென்ட் கொத்துகிற உளியும் சுத்தியும் யாரிடமோ வாங்கி வந்திருந்தார். ஆனால் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தார். மழைக்கு ஒரு ஓட்டை வெயிலுக்கு ஒரு ஓட்டை என்று தொழிலில் கேள்விப்பட்டதில்லையாம். அதோடு நஞ்சப்பாவுக்கு இந்தத் தரைமேல் உயிர். “இன்னா மிஸ், அவர் வந்து நின்னா நான் இன்னா சொல்றது?” அவரிடமிருந்து சுத்தியை நான் வாங்கிக்கொண்டேன். மீனுவை அவரிடம் கொடுத்தேன். உளியைப் பொட்டின்மேல் வைத்து ஓங்கி அடித்தேன். என் உடம்பு முழுக்க அதிர்ந்தது. இத்தனை சத்தத்தை அந்த வீட்டில் நானாக உண்டாக்குவது அதுதான் முதல் தடவை.

நாலாவது அடிக்கு நஞ்சப்பா வந்துவிட்டார், பனியனோடு, கையில் பேப்பரோடு. தயார் செய்து வைத்திருந்த கன்னட வாக்கியம் வரவில்லை, தமிழ் வரவில்லை. “இட் ஈஸ் ஒன்லி தி ஃப்ளோர், சார்” என்றேன். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு தமிழில் சொன்னேன்: “வாசக்காலைத் தொடலை. கதவையும் தொடலை. இன்னைக்கு ராத்திரி தாழ் போட முடியலைன்னா நாளைக்கு நான் ஊருக்குப் போகணும். போக எனக்கு இஷ்டமில்லை.” சுத்தியை நான் கீழே வைக்கவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

அவர் நிலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கீறல் இல்லை. தரையைப் பார்த்தார். குழந்தையை வைத்துக்கொண்டு சிலை மாதிரி நிற்கிற ஆரோக்கியத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“ஆழமா கொத்தச் சொல்லும்மா, இல்லாட்டி நிக்காது. காலி பண்றப்போ மட்டும் ஒரே ஓட்டை இருக்கணும். நான் ஒண்ணுதான் கொடுத்தேன்.”

போன் பரீட்சை

மாலையில் கணவர் கூப்பிட்டார். தாழ் விழுகிறது என்றேன். நம்பவில்லை. எங்கள் போன் வயர் நீளம். ரிசீவரைக் கதவருகே கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இறக்கினேன். ‘டக்’. ஏற்றி, மறுபடி இறக்கினேன். ‘டக்’. இன்னும் ஒரு தடவை என்றார். ஒரு மெஷின் சரியாக ஓடுகிற சத்தத்தைக் கேட்கும்போது அவர் அப்படித்தான் சொல்வார். வெயில் காலத்தில் கதவு சுருங்கினால் என்ன பண்ணுவாய் என்று கேட்டார். பழைய ஓட்டை அங்கேயேதான் இருக்கிறது என்றேன்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று கொஞ்ச நேரம் அவரே யோசித்தார். நான் உதவவில்லை. கடைசியில் பெருமூச்சு விட்டார்.

“சரி, தம்பியை வர வேணாம்னு சொல்லிடறேன். நீ பெஞ்சையும் ஒரு வாரத்துக்கு அங்கேயே போட்டு வை, எனக்காக.”

பெஞ்சைப் போட்டிருக்கிறேன், அவருக்காக. வெளியே மழை விடவில்லை, கதவு உப்பிக்கொண்டே இருக்கிறது, நாளை மாலை தங்கராஜ் வந்து உட்கார இடம் தேடுவார். விதைப்பதில் ஆரம்பித்த ஒரு சொல்லை ரயில், தோசைக்கல், துணி, மரம் என்று ஊரெல்லாம் சுற்றவிட்டதில் எனக்குக் கிடைத்த அறுவடை தரையில் ஒரு விரல் அகலத் துளைதான். அது போதுமென்று, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே போய், தாழ்ப்பாளை அதற்குள் இறக்கிவிட்டேன்.